பெனி என்று எழுதியவர்

"கேக்கல. இன்னொருக்கா சொல்லு."

அவரை நினைத்தால் முதலில் இந்த வாக்கியம்தான் வரும். முகம்கூட அப்புறம்தான். தூத்துக்குடிக்காரர். டெக்ஸஸில் ரிச்சர்ட்சனுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு தூத்துக்குடியை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. நான் அங்கே யூனிவர்சிட்டியில் எம்.எஸ். படித்த காலத்தில் பழக்கம். இங்கே அப்பா வயதுக்காரர்கள் எல்லாரும் அங்கிள்தான், அவரும் அங்கிள்.

இந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு வித்தை கைவந்திருக்கும். காதில் விழாததற்குத் தலையாட்டுவது. எதிராளி ஏதோ சொல்வார், நாம் "யா, யா" என்போம். மீட்டிங்கில் ஜோக் அடிப்பார்கள், மற்றவர்கள் சிரித்து அரை நொடி கழித்து நாமும் சிரிப்போம். முதல் செமஸ்டரை நான் இப்படித்தான் ஓட்டினேன். ஒரு தடவை காபி கடையில் தலையாட்டியதற்குப் பூசணிக்காய் போட்ட காபி வந்தது. அதையும் குடித்தேன். இப்போது பிளசன்டன் என்கிற ஊரில் வேலை, தினமும் காலை மீட்டிங், இன்னும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் ஆட்டமாட்டார். ஒரு நாளும், யாருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் வேலியிலிருந்து மரத்துக்கு அவர் ரேடியோவுக்காக ஒரு நீளமான ஏரியல் கம்பி கட்டியிருந்தார். குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து, இங்கே எல்லாரும் பேசுகிற மாதிரி, சுற்றிச் சுற்றிப் பேசினாராம். எவ்வளவு அழகான மரம், பக்கத்து வீட்டார் எவ்வளவு நல்லவர்கள், கண்ணுக்கு இதமாக இருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம் என்று. இவர், "ஐ டிட் நாட் ஹியர். ஒன்ஸ் மோர் ப்ளீஸ்." அந்த அம்மா இரண்டாவது தடவை கொஞ்சம் நேராகச் சொன்னார். மூன்றாவது தடவை, "கம்பியை அவிழ்த்துப் போடு" என்று கத்தினார். "இப்ப கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, கம்பியை அவிழ்த்து, வேலிக்கு உள்பக்கமாகத் தாழ்த்திக் கட்டிக்கொண்டார்.

வேலை போனதும் இதே கதைதான். டெலிகாம் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை. ஆட்குறைப்பு வந்தபோது மேனேஜர் இவரை உட்காரவைத்து, கம்பெனியின் திசை மாறுகிறது, இந்தப் பொறுப்பு நிறைவுக்கு வருகிறது என்று மென்மையாக ஆரம்பித்திருக்கிறார். இவர் விடவில்லை. கேட்கல, கேட்கல என்று மூன்று முறை. கடைசியில் அந்த மனிதர், "உனக்கு வேலை போயிடுச்சு, நாளையிலிருந்து வராதே" என்று உடைத்துச் சொல்லிவிட்டு அழுதுவிட்டாராம். இந்தக் கதையைச் சொன்னது அவர் மனைவி. "இவுகளுக்கு வேலை போச்சு, அழுதது அந்த வெள்ளக்காரன். பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கம்மா மாப்பிள்ளைக்குக் காது மந்தமோன்னு சந்தேகப்பட்டுச்சு" என்றார் ஆன்ட்டி. காது மந்தமெல்லாம் இல்லை. அவ்வளவு கூர்மையான காதை நான் பார்த்ததில்லை. பிரச்சினையே அதுதான்.

எனக்கு அப்போது ஒரு பித்து இருந்தது. சின்ன நாடுகளின் வானொலிச் சரித்திரம். பெரிய நாடுகளில் ரேடியோ என்றால் பாட்டு, செய்தி, பிரசங்கம். ஒரு சமுத்திரத்தில் உப்புக்கல் மாதிரி சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒரே ஒரு ஸ்டேஷன் என்றால் அதன் வேலையே வேறு. தகரக் கொட்டகை, ஒரு டிரான்ஸ்மிட்டர், இரவு ஜெனரேட்டர் நிற்கும்வரை ஒலிபரப்பு. போனும் இல்லை, தபாலும் மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே தனி மனிதர்களின் சேதியை ரேடியோவிலேயே வாசிப்பார்கள். இன்னாருக்கு இன்னார் சொல்வது, குழந்தை பிறந்தது. இன்னாருடைய அம்மா காலமானார், அடுத்த படகில் வரவும். ஊரே கேட்கும். ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. எனக்கு இது பிரமாதமாகப் பட்டது! க்ளாஸ் ப்ராஜெக்டாக ஆரம்பித்து வெப்சைட்டாக வளர்த்து, தூக்கத்திலும் அதையே உளறிக்கொண்டிருந்தேன். தமிழ்ச் சங்கத்தில் இளைஞர்களுக்கு ஐந்து நிமிஷம் மேடை கொடுத்தார்கள். அங்கேயும் இதைத்தான் பேசினேன். எல்லாரும் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். இறங்கி வந்ததும் ஒருத்தர் வழிமறித்தார்.

"புள்ள, அந்தத் தீவு ஸ்டேஷன் பத்து மணிக்கு மூடும்னு சொன்னேல்லா. அது தப்பு. ஒம்பது அம்பத்தெட்டு."

இப்படித்தான் பழக்கம்.

டெக்ஸஸ் விடிகாலை, அந்தத் தீவுகளுக்கு இரவு. சூரியன் எழும்பும் முன்னால் ஒரு முக்கால் மணி நேரம் சிற்றலை அங்கிருந்து இங்கே தாண்டி வரும். வெளிச்சம் வந்ததும் அறுந்துவிடும். வேலைக்குப் போகும் முன் தினமும் அந்த முக்கால் மணி நேரம் அவர் கேட்டார், வருஷக்கணக்காக. தீவுக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் கேட்டுக் கேட்டே அவருக்குப் பாடமாகிவிட்டது. கேட்டதை நீள நோட்டுகளில் பென்சிலால் எழுதினார். நாற்பது நோட்டுகளுக்கு மேல். கேட்காத இடத்தில் ஒரு கோடு. கோடு என்றால் அப்படிக் கோடு! சில பக்கங்களில் எழுத்தைவிடக் கோடுதான் அதிகம். இந்தப் பழக்கம் உள்ள மற்றவர்களின் நோட்டுகளையும் பார்த்திருக்கிறேன். பாதி காதில் விழுந்ததை மீதி ஊகித்து நிரப்பியிருப்பார்கள். வாக்கியம் முழுசாக இருக்கும். அவரிடம், 'அரிசி வந்து ——— ஞாயிறு பூசைக்குப் பின் ——— நாய் குரைப்பு ———' என்றுதான் இருக்கும்.

உங்கள் ஒலிபரப்பைக் கேட்டேன் என்று ஸ்டேஷனுக்கு எழுதினால், ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று அவர்கள் அட்டை அனுப்புவது ஒரு வழக்கம். ஒரு தீவிலிருந்து அவருக்கு அட்டையோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. 'எங்கள் அறிவிப்பாளர் இரண்டு தடவை இருமினார் என்று எழுதியிருக்கிறீர்கள். விசாரித்தோம். உண்மைதான். மன்னிக்கவும்.' அதை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அந்த வீட்டுச் சுவரில் இயேசுவுக்கு அடுத்தபடி அதுதான்.

நோட்டுகள் முழுக்கத் தமிழில். ஏன் அங்கிள், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உலகமே படிக்குமே என்றேன்.

"இங்கிலீஷ்ல எழுதினா ஸ்பெல்லிங் யோசிக்கணும். யோசிச்சா அடுத்த வார்த்தை போயிரும். தமிழ் அப்படியா? காதுல விழுந்தது அப்படியே கையில எறங்கும். ஒரு சத்தம், ஒரு எழுத்து."

அவர் பெருமைப்பட்டு நான் கேட்டது இந்த ஒரு விஷயத்தில்தான். நானும், ஆமாம்ல, என்று தலையாட்டினேன்.

எல்லாம் ரசிக்கும்படி இருந்ததாகச் சொல்லமாட்டேன். அவருக்கு ஒரே மகள், பதினாலு வயது, இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். சர்ச்சில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் சாப்பாடு போட்ட அன்று நானும் போயிருந்தேன். பேப்பர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவள் அவரைக் கடக்கும்போது வாய்க்குள் ஏதோ முனகினாள். அந்த வயதுப் பிள்ளைகள் முனகத்தான் செய்யும். காதில் வாங்காதது மாதிரி இருந்துவிட்டால் போயிற்று.

"கேக்கலம்மா. இன்னொருக்கா சொல்லு."

"நத்திங், அப்பா."

"நத்திங் இல்ல. என்னமோ சொன்ன."

ஆன்ட்டி, "விடுங்களேன்" என்றார். இவர் விடவில்லை. மூன்றாவது தடவை அவள் தட்டுகளை மேஜையில் போட்டுவிட்டு, "ஐ செட் யூ எம்பேரஸ் மீ!" என்று கத்தினாள். ஹாலில் பிரியாணிக் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் மெதுவாக, "சரி. இப்ப கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. கேட்டே ஆகவேண்டும் என்று இவ்வளவு வாதாடுகிற மனிதர், கேட்ட பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாதவர் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

நோட்டுகளை ஸ்கேன் செய்து, ஆங்கிலத்தில் மாற்றி வெப்சைட்டில் ஏற்ற அவர் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, ஏற்றும் முன் காட்ட வேண்டும். அவருக்குக் காட்டினால் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு அவசரம். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் என்று மாற்றித் தள்ளினேன், காட்டாமலே ஏற்றினேன்.

இரண்டு மாதத்தில் ஒரு மின்னஞ்சல். லிடியா என்று ஒரு பெண். டாலஸ் ஏர்போர்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், பிறந்தது நான் மேடையில் பேசிய அதே தீவுக்கூட்டத்தில். அவளுடைய அப்பா தலைநகரத்துத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை தீவுகளுக்குக் கிளம்பிய படகு கரை சேரவில்லை. அதே வாரத்தில் அப்பாவும் காணாமல் போனார். அந்தப் படகில்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்று அம்மா சொன்னாள். இல்லை, வேறொருத்தியோடு வெளிநாட்டு மீன்பிடிக் கப்பலில் ஏறிவிட்டார் என்று ஊர் சொன்னது. படகில் யார் யார் ஏறினார்கள் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. வருகிறவர்கள் முந்தின நாள் ரேடியோவில் சொல்லி அனுப்புவார்கள், அவ்வளவுதான். அந்த வாரம் பார்த்து தங்கள் வீட்டு ரேடியோவில் பேட்டரி தீர்ந்திருந்தது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஸ்டேஷன் காகிதங்களும் மிஞ்சவில்லை. லிடியா வருஷக்கணக்காக பெனி என்கிற அப்பாவின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியிருக்கிறாள். ஒரு நாள் என் பக்கம் வந்து நின்றது.

'பெனி, சனிக்கிழமை படகில் வருகிறான், மனைவியிடம் சொல்லவும் ———'

அப்பா எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தார், இத்தனை வருஷம் கழித்து நீங்கள் சொன்னீர்கள் என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு அறையில் குதித்தேன். என் ப்ராஜெக்ட் ஒரு மனுஷிக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆன்ட்டியும் அவரும் சர்ச் பூசை முடிந்து வந்ததும், லிடியாவை அங்கிள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அவர் அந்த நோட்டை எடுத்து மேஜையில் விரித்தார். லிடியா அந்தத் தமிழ் எழுத்துகளின் மேல் விரலை வைத்து, "இதுதான் அப்பாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் வெப்சைட் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புள்ள, இது யாரு போட்டது?"

"நான்தான் அங்கிள்."

"பஸ்ஸுக்கு வார ப போட்டிருக்க. பல்லுக்கு வார ப-ன்னு ஏன் படிக்கல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதினால்கூட அதுவும் பி, இதுவும் பி. நான் ஏன் பஸ் என்று எடுத்துக்கொண்டேன்? என் ஸ்கூலில் ஒரு பென்னி இருந்தான். வேறு காரணமே கிடையாது.

லிடியாவுக்கு அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அவள் விரலை நோட்டிலிருந்து எடுத்தாள். பல்லுக்கு வரும் ப-வில் தொடங்கும் பெயரோடு பக்கத்துத் தீவில் ஒரு தச்சர் இருந்தார், அவரும் அந்தப் படகோடு போனவர் என்றாள். அந்த ஊரில் அவை இரண்டு பெயர், இரண்டு குடும்பம்.

"காதால் கேட்டது நீங்கள்தானே. கண்ணை மூடி யோசித்துச் சொல்லுங்கள்" என்றாள் லிடியா.

மூடினார். ஆன்ட்டி அடுப்படியில் குழாயை நிறுத்தினார். கண்ணைத் திறந்து, "எழுதினது நெனவிருக்கு. கேட்டது நெனவில்ல" என்று முதலில் தமிழில் முனகி, பிறகு அவளுக்குச் சொன்னார். அவர் பார்வை அலமாரிக்குப் போனது. நாற்பது நோட்டிலும் உள்ள பெயர்கள், ஊர்கள், படகுகள். ஒரு சத்தம், ஒரு எழுத்து.

நான் தமிழில் கெஞ்சினேன். "அங்கிள், பஸ் ப-ன்னு சொல்லிடுங்க. யாருக்கு என்ன நஷ்டம்? ப்ளீஸ்."

"கேட்டுச்சு. மாட்டேன்."

அவளுடைய அம்மா தீவில் போனருகே காத்திருந்தார். அங்கே திங்கட்கிழமை காலை. இவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று லிடியாதான் ஏற்பாடு செய்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். அவரே பேசினார். அம்மா, நான் ஒரே எழுத்துதான் எழுதினேன், அது இந்தப் பெயராகவும் இருக்கலாம், அந்தப் பெயராகவும் இருக்கலாம், மன்னிக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் கோழி கூவியது. பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார்.

"ஐ டிட் நாட் ஹியர். ஒன்ஸ் மோர் ப்ளீஸ்."

"பரவாயில்லை, உங்களுக்கு நன்றி" என்றார் அந்த அம்மாள், இப்போது தெளிவாக.

"நாட் திஸ். பிஃபோர் திஸ் யூ செட் சம்திங்."

லிடியா நிமிர்ந்தாள். "அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. போதும்."

நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். ஆன்ட்டி வாசற்படியிலிருந்து, "என்னங்க" என்றார். அவர் போனை நோக்கிக் குனிந்தார். காதுக்கும் போனுக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

"ஒன்ஸ் மோர் ப்ளீஸ்."

அந்த அம்மாள் சொன்னார். அவர்கள் ஊர் உடைந்த ஆங்கிலம்தான், எனக்கே புரிந்தது. "நான் கேட்டேன். பேட்டரி இருந்தது. அது தச்சன். அவன் பெண்டாட்டி பெயரைச் சொன்னார்கள். இவன் எனக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. நான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன், மூடும்வரை."

லிடியா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தாழக் கட்டிய அந்தக் கம்பிக்குக் கீழே நின்று நெடுநேரம் பேசினாள். பேசினாள் என்பதைவிடக் கேட்டாள். அவர் பென்சிலை எடுத்து, நோட்டில் மனைவி பெயர் விட்டுப்போன அந்தக் கோட்டின் மேல் முனையைக் கொண்டுபோய் நிறுத்தினார். எழுதிவிடுவார் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் எழுதியிருந்தால் நோட்டைப் பிடுங்கியிருப்பேன்.

"இது நான் கேட்டது இல்ல" என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்தார்.

லிடியா உள்ளே வந்து பையை எடுத்தாள். ஆன்ட்டி டீ எடுத்து வந்தார், அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, யாரையும் பார்க்காமல், மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "முதல் தடவையோடு விட்டிருந்தால், எனக்கு இன்னும் ஒரு அப்பா இருந்திருப்பார்."

அவர் மேஜையிலிருந்து எழுந்து வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

"போகும்போது என்னமோ சொன்னாங்களே. என்ன சொன்னாங்க?"

"கேக்கல அங்கிள்" என்றேன்.

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தையை வைத்து ஒருத்தர் பொய் சொல்லக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.